எட்டு லாரி தண்ணீர்

எங்கள் ஊர் மீன் இறங்குதளப் பணியின் செயற்பொறியாளர் அவர்களுக்கு,

ஐயா,

தூண் கலவைக்கு உப்புத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று திங்கட்கிழமை மனுநாளில் நான் கொடுத்த மனுவுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. முக்கால் பக்கம். எனக்கு வேண்டிய விஷயம் அதில் ஒரே வரியில் இருந்தது. கடல்சார் கட்டுமானங்களில் கான்கிரீட் கலவைக்குக் கடல்நீரைப் பயன்படுத்துவது விதிகளின்படி அனுமதிக்கப்பட்டதே, கியூப் சோதனை (கலவையில் வார்த்த சிறு கட்டியை உடைத்துப் பார்ப்பது) முடிவுகளும் திருப்தியாக உள்ளன, ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை எனத் தெரிவிக்கலாகிறது என்று எழுதியிருந்தீர்கள். பலமுறை படித்துப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. இன்னொரு மனு போட்டால் இன்னொரு முக்கால் பக்கம் வரும். அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

மே மாதம் இரண்டாவது வாரம், காலை ஏழு மணி வாக்கில் இறங்குதளப் பக்கம் போனேன். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் எங்கேயாவது கலவை மெஷின் சத்தம் கேட்டால் கால் தானாக அங்கே போய்விடுகிறது. மொத்தம் 22 தூண். எட்டு வார்த்து முடித்திருந்தார்கள். ஒன்பதாவதுக்குக் கம்பி கட்டி நின்றது. மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு பேரல். அதில் விழுகிற குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று பார்த்தேன். வாய்க்காலுக்குள் கிடந்தது. முகத்துவாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வாய்க்கால் அது. நீர் ஏறும்போதும் கடல், வற்றும்போதும் கடல்தான். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பளத்துப் பிள்ளைக்கு அதற்கு மேல் ஆய்வுக்கூடம் வேண்டாம்.

அங்கிருந்த மேற்பார்வையாளர் தம்பியிடம் கேட்டேன். "பெரியவரே, கடலுக்குள்ள நிக்கப்போற தூணு. அதுக்குக் காவேரித் தண்ணியா கேக்குது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், ஐயா. கேட்கும்போது அவ்வளவு நியாயமாகத்தான் இருக்கிறது அந்தப் பேச்சு. அதற்குச் சரியான பதில் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. தூணுக்குள் கம்பி இருக்கிறதே!

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யாரோ கிளப்பிவிட்ட ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. என் அம்மா வேதாரண்யம் உப்பளத்தில் கூலிக்குப் போனவர். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த ஊர் என்று பாடப் புத்தகத்தில் வரும். எங்களுக்கு அது வெயிலும் கால் வெடிப்பும். பாத்தியில் உப்பு வாரும் பலகை மரத்தில்தான் இருக்கும். வீட்டில் அரிவாளைக்கூட உப்பு மூட்டைப் பக்கம் வைக்க விடமாட்டார். "இரும்ப உப்புக்கிட்ட விடாதடா, ராத்திரியோட ராத்திரியா தின்னுடும்" என்பார். நான் எட்டாவதோடு நிறுத்திவிட்டுக் கொத்து வேலைக்கு வந்தேன். 34 வருடம். அதில் கடைசிப் பத்து வருடம் மேஸ்திரி. என் மகள் சிவில் டிப்ளமோ முடித்தவள். நீங்கள் சொல்கிற விதி என்னவென்று அவள்தான் படித்துக் காட்டினாள்.

ஐ.எஸ். 456 : 2000, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிப் புத்தகம். கான்கிரீட் போடுகிற எல்லாருக்கும் வேதம் மாதிரி. அதில் கடல்நீரில் கலவை போடுவதைப் பற்றி இருப்பது இரண்டே வாக்கியம். கெடுதலான உப்புகள் இருப்பதால், கடல்நீரில் கலவை போடுவதும் கியூரிங் செய்வதும் (வார்த்ததை ஈரமாக வைத்து இறுகவிடுவது) பரிந்துரைக்கப்படவில்லை. இது முதல் வாக்கியம். வேறு வழியே இல்லாத நிலையில், உள்ளே இரும்பு வைக்காத வெறும் கான்கிரீட்டுக்கு, பாதகங்களை யோசித்து, தகுந்த சிமெண்ட்டைத் தேர்ந்து பயன்படுத்தலாம், இது இரண்டாவது. உங்கள் பதிலில் முதல் வாக்கியம் இல்லை. இரண்டாவதில் இருக்கும் 'இரும்பு வைக்காத' என்பதும் இல்லை. மிச்சம் இருக்கும் 'பயன்படுத்தலாம்' மட்டும் வந்திருக்கிறது.

அதே புத்தகத்தில் கணக்கும் இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குளோரைடு, அதாவது உப்பின் ஒரு கூறு, இருக்கலாம். வெறும் கான்கிரீட் என்றால் 2,000 வரை. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. உப்பு மொத்தமாக லிட்டருக்கு 35 கிராம் வாக்கில் வரும். நம் வேலைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அலை ஏறி இறங்குகிற இடத்துக்குப் போடும் கலவையில் ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட், 160 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து மட்டுமே மூன்று கிலோ குளோரைடு உள்ளே போகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டில் எல்லாப் பொருளிலிருந்தும் சேர்த்து விதி விடுவது கன மீட்டருக்கு 0.6 கிலோ. ஐந்து மடங்கு! வெறும் கான்கிரீட்டுக்கான வரம்பே 3 கிலோதான், அதையும் தொட்டுவிட்டது.

குளோரைடு என்றால் ஊரில் யாருக்கும் புரியாது. அதனால் மூட்டைக் கணக்காகவே சொல்கிறேன். பணியிடப் பலகையில் போட்டிருக்கும் அளவுகளை வைத்து, தூண், பீம், தளம், பக்கச்சுவர் எல்லாம் சேர்த்து 600 கன மீட்டர் கான்கிரீட் வரும் என்பது என் கணிப்பு. முழு வேலையையும் இந்தத் தண்ணீரிலேயே முடித்தால் உள்ளே போகிற உப்பு மூன்று டன்னைத் தாண்டும். ஐம்பது கிலோ மூட்டையில் 67. அகஸ்தியன்பள்ளி உப்பளத்திலிருந்து லாரியில் 67 மூட்டை உப்பை ஏற்றி வந்து மெஷினுக்குள் ஒவ்வொன்றாகக் கொட்டினால் நீங்கள் பார்த்துக்கொண்டு இருப்பீர்களா? குழாய் வழியாகக் கரைந்து போவதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

எப்படியும் கடல் உப்புக்குள் நிற்கப்போகிற தூண்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். வெளியே இருக்கும் உப்பும் உள்ளே இருக்கும் உப்பும் ஒன்றல்ல. சிமெண்ட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போட்டு அதைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. அந்தப் படலத்தை உடைப்பது குளோரைடு. வெளியிலிருந்து வருகிற குளோரைடு கம்பியைத் தொட வேண்டுமானால் அதை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டைக் கடந்தாக வேண்டும். அலையடிக்கும் இடத்தில் அந்தக் கவர் 75 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி சொல்வது அதற்காகத்தான். தண்ணீரைக் குறைத்துப் போட்டு, சரியாகக் குத்தி, நன்றாகக் கியூரிங் செய்த கான்கிரீட்டில் அந்த மூன்று அங்குலத்தைக் கடக்க உப்புக்குப் பல பத்து வருடம் ஆகும். கடல்நீரிலேயே கலவை போட்டால்? உப்பு எதையும் கடக்க வேண்டியதில்லை. முதல் நாளே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். வாசலுக்குக் கதவு, தாழ்ப்பாள் எல்லாம் போட்டுவிட்டுத் திருடனை உள்ளே படுக்கவைத்த கதை.

அப்புறம் அந்தக் கியூப். ஏழாம் நாள் உடைத்தோம், வந்துவிட்டது. 28-ஆம் நாள் உடைத்தோம், வந்துவிட்டது என்கிறீர்கள். வரும், ஐயா. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உப்புத் தண்ணீரில் கலவை சீக்கிரம் இறுகும், ஆரம்ப பலம் நன்றாகவே காட்டும். அதுதான் இதில் உள்ள மயக்கம். கியூபுக்குள் கம்பி கிடையாது. கம்பியே இல்லாத ஒன்றை உடைத்துப் பார்த்துக் கம்பி பத்திரமாக இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி எழுதப்போவது எனக்கே கூச்சமான விஷயம். எழுதாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் படித்துவிட்டு ஒப்பித்த மாதிரி ஆகிவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டம் முழுக்க ஒரே கட்டுமானம். 6,000 பேருக்கு மேல் அள்ளிக்கொடுத்த மாவட்டம். எங்கிருந்தெல்லாமோ பணம் வந்தது, வீடு கட்டினார்கள், ஏலக்கூடம் கட்டினார்கள், வலை பின்னும் கூடம் கட்டினார்கள். கொத்தனாருக்கு அப்படி ஒரு கிராக்கி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 2006-இல் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு ஏலக்கூடம். நான்தான் அங்கே கலவைக்குப் பொறுப்பு. சித்திரை மாதம். டேங்கர் மூன்று நாளாக வரவில்லை. கூலி ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கடலைக் கை காட்டினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சொன்னது காதில் கேட்டது, உண்மை. அன்றைக்கு என் பையில் பால் கார்டும் மகளின் பள்ளிக் கட்டண ரசீதும் இருந்தன. மோட்டாரைப் போடச் சொன்னேன்.

வேலை அருமையாக வந்தது. சென்ட்ரிங்கை இரண்டு நாள் முன்னாலேயே பிரித்தோம். கல் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் தட்டிக் கொடுத்தார்கள். முதல் மழைக்கே சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தால் போயிற்று, மறுபடி பூத்தது. நான்காவது வருடம் பீமின் அடியில், கம்பி போகிற கோட்டிலேயே, காவி நிறத்தில் ஒரு கோடு. யாரோ பென்சிலால் போட்ட மாதிரி. அடுத்த வருடம் அந்தக் கோடு வெடிப்பானது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்து எடுத்துக்கொள்ளும். அது நடக்கும்போது சத்தமே இருக்காது. பிறகு ஒருநாள் விடிகாலை, ஏல நேரத்தில், பீமின் அடிப்பாகத்திலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. கீழே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்கார அம்மாவுக்குத் தோள்பட்டை உடைந்தது. மீன் வாங்கி வீடு வீடாக விற்றுப் பிழைத்தவர். அதன் பிறகு தலையில் கூடை தூக்க அவரால் முடியவில்லை. நான் ஒருமுறை பார்க்கப் போனேன். அந்தக் கலவையைப் போட்டவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

2018 நவம்பர் 16, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய இரவு, அந்தக் கூடத்துக்குள் ஒதுங்க ஒருவரும் போகவில்லை. காற்றுக்குப் பயந்ததைவிடக் கூரைக்கு அதிகம் பயந்தார்கள். பிறகு இடித்துவிட்டார்கள். கட்டி முழுதாகப் பன்னிரண்டு வருடம். இடிக்கும்போது போய் நின்றேன். 16 மில்லிமீட்டர் கம்பி என்று போட்டது, சில இடத்தில் என் சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லை. சில இடத்தில் கம்பியே இல்லை. கம்பி இருந்த துளையும் அதற்குள் காவித் தூளும்தான். கையில் அள்ளினால் பாக்குத்தூள் மாதிரி உதிர்ந்தது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் எட்டு தூணும் என்ன ஆகும் என்பது எனக்கு ஊகம் இல்லை. ஒருமுறை பார்த்தாயிற்று.

பணியிடத்தில் இருக்கும் இளம் பொறியாளர் ஒருவர், நல்ல பிள்ளை, என்னை மதித்து உட்காரவைத்துப் பேசினார். ரோமானியர்கள் கடல்நீரில்தான் கலவை போட்டார்கள், இரண்டாயிரம் வருடமாக அவர்களுடைய துறைமுகங்கள் நிற்கின்றன, கடல்நீர் பட்டுப் பட்டு அது இன்னும் உறுதியாகியிருக்கிறது என்றார். மகளிடம் சொன்னேன். உண்மைதான் அப்பா, 2017-இல்கூட அதைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது என்றாள். நேப்பிள்ஸ் பக்கத்து எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கடல்நீரோடு சேர்த்திருக்கிறார்கள். கடல்நீர் உள்ளே ஊறி அந்தச் சாம்பலோடு வினை புரிந்து, இடுக்குகளில் புதுப் படிகங்களாக வளர்ந்து இறுக்கியிருக்கிறது. கேட்கவே சந்தோஷமாக இருந்தது. பூம்புகாருக்கு யவனர்கள் வந்து போனதாகப் படித்த டெல்டாக்காரனுக்கு, அவர்கள் மிளகு வாங்கியதோடு நிறுத்தாமல் இந்தக் கைப்பக்குவத்தையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

ஆனால் ரோமானியர்கள் கம்பி போடவில்லை! துரு பிடிக்க உள்ளே எதுவும் இல்லை. நம்முடைய சிமெண்ட் அவர்களுடைய சாம்பலும் சுண்ணாம்பும் இல்லை. கடல்நீர் உள்ளே போனால் வளர்வதற்குப் பதில் கெடத்தான் செய்யும். அவ்வளவு தூரம் போவானேன்? தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவ்வப்போது பழுது பார்த்துத்தான் நிற்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும், அதிலும் கம்பி கிடையாது. ரோமானியரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமானால் அவர்களைப் போலவே கட்டுங்கள். பாதி ரோமானியம், பாதி ஒப்பந்தக்காரரின் அவசரம் என்று கலக்க முடியாது.

கடல்நீரே ஆகாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. கரை காக்கக் கொட்டுகிற நான்குகால் கான்கிரீட் கட்டிகளுக்குள் பெரும்பாலும் கம்பி வைப்பதில்லை. தூண்டில் வளைவுக்கு நிரப்புகிற வெறும் கான்கிரீட் பாளங்களும் அப்படித்தான். நல்ல தண்ணீர் நிஜமாகவே கிடைக்காவிட்டால், இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்ட் போன்ற தகுந்த சிமெண்ட்டோடு, முறையாகச் சோதித்து, அதற்கெல்லாம் கடல்நீரை எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கான்கிரீட்டுக்கு ஊற்றுகிறார்களே என்று எனக்கும் வயிறு எரிந்ததுண்டு. கண்ணாடி இழைக் கம்பி என்று ஒன்று வந்திருக்கிறது. எங்கள் படகுகளே ஃபைபர்தானே, அதே சாதி. துருவே பிடிக்காது. அதை வைத்துக் கடல்நீரில் கான்கிரீட் போட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது. அந்தக் கம்பியை நம் ஆட்கள் பணியிடத்தில் இரும்பு மாதிரி வளைக்க முடியாது, வளைவுகளைத் தொழிற்சாலையிலேயே செய்து வாங்க வேண்டும். அதற்கு ஏற்ற வடிவமைப்பு வேண்டும், நேரம் வேண்டும். அந்த மாதிரி ஒரு திட்டத்தோடு நீங்கள் வந்தால் முதல் ஆளாக வேடிக்கை பார்க்க நான் வருவேன். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். ரயில் போகிற பாலத்துக்குக் கடல் என்ன செய்யும் என்று தெரிந்திருக்கிறது. மீன்காரி உட்கார்கிற தளத்துக்கு வரும்போது மட்டும் அது எப்படி மறந்துபோகிறது?

ஏன் இப்படி நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். விசைப்படகுகள் கரையில் நிற்கிற தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்குள் வேலையை முடிக்கச் சொல்லி எங்கள் ஆட்களே நெருக்குகிறார்கள். அதே நாட்கள்தான் டெல்டாவில் தண்ணீர் இல்லாத நாட்கள். மேட்டூர் திறக்க ஜூன் 12 என்பார்கள். திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் ஊர் போர் தண்ணீர் உவர்ப்பு. குடிக்கிற தண்ணீரே கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. ஒப்பந்தக்காரருக்கு டேங்கர் செலவு, ஆட்களுக்கு நாள் கூலி போய்விடும் என்ற பயம், கண்ணெதிரே ஒரு மோட்டார் தூரத்தில் கடல். 2006-இல் நான் நின்ற அதே இடம். அதனால் அந்தத் தம்பியை நான் திட்டவில்லை.

கணக்கை மட்டும் சொல்கிறேன். 600 கன மீட்டர், கன மீட்டருக்கு 160 லிட்டர். மொத்தம் 96,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு நடை. முழு இறங்குதளத்தின் கலவைக்கும் எட்டே லாரி தண்ணீர், ஐயா. இதுவரை போட்டதைக் கழித்தால் அவ்வளவுகூட வேண்டாம். கியூரிங்குக்குத் தனியாக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சணல் சாக்கைச் சுற்றி, நனைத்து, மேலே பாலித்தீன் தாளைக் கட்டிவிட்டால் அதிலும் பாதி மிச்சமாகும். நாங்கள் செய்திருக்கிறோம். ஊரில் கல்யாண மண்டபத்துக்கு வருகிற டேங்கர் இறங்குதளத்துக்கு வராதா?

இன்னொன்று. தண்ணீரை மாற்றிவிட்டால் மட்டும் போதாது. ஜல்லி கடற்கரை மணலிலேயே கொட்டிக் கிடக்கிறது, சாரல் பட்டு வெள்ளை பூத்திருக்கிறது. கம்பிக் கட்டு மூன்று மாதமாக மூடாமல் கிடந்து செம்பழுப்பாகிவிட்டது. கவர் கட்டைக்குப் பதில் சில இடத்தில் ஜல்லிக்கல்லைச் செருகியிருக்கிறார்கள்; ஒன்பதாவது தூணில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே என் மூன்று விரல் போகவில்லை. 75 மில்லிமீட்டர் இருந்தால் மூன்று விரல் தாராளமாகப் போக வேண்டும்.

இப்போது நான் கேட்பது.

மீதமுள்ள 14 தூண்களுக்கும், பீம், தளம், பக்கச்சுவருக்கும் வாய்க்கால் தண்ணீரை எடுக்கக் கூடாது என்று இந்த வாரமே எழுத்தில் உத்தரவு போடுங்கள். வாய்மொழி உத்தரவு மாலை ஐந்து மணி வரைதான் நிற்கும். டேங்கரில் வருகிற தண்ணீரையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, குளோரைடு எவ்வளவு என்ற தாளைப் பணியிடப் பலகையிலேயே ஒட்டச் சொல்லுங்கள். டேங்கர் செலவு ஒப்பந்தத்தில் இல்லை என்றால் அதைச் சேர்த்துக் கொடுங்கள். அதற்காக ஒருவர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை.

வார்த்து முடித்த எட்டு தூண்களிலும் கம்பி இருக்கும் ஆழம் வரை துளையிட்டுத் தூள் எடுத்து, குளோரைடு அளவைச் சோதியுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தூண் வார்த்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடலில் இருக்கும் உப்பு இவ்வளவு சீக்கிரத்தில் உள்ளே கம்பி வரைக்கும் போயிருக்க முடியாது. இன்றைக்கு அந்த ஆழத்தில் உப்பு இருந்தால் அது கலவையிலிருந்து வந்ததுதான், வேறு யார் மேலும் பழி போட முடியாது. பத்து வருடம் கழித்து எடுத்தால் கடல்தான் செய்தது என்று எழுதிவிடலாம். அந்தச் சோதனையை ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் செய்யுங்கள். முதல்கட்டமாக ஒரு மூலையைத் தட்டி, உடைந்த முகத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தெளித்தால்கூடப் போதும். உப்பு இருக்கும் இடம் வெளுத்துக் காட்டும், இல்லாத இடம் பழுப்பாகும்.

அளவு வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த எட்டையும் இடித்துவிட்டுப் புதிதாக வார்த்துக் கொடுங்கள். மேலே பூச்சு பூசியோ பெயிண்ட் அடித்தோ மறைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் உப்பு அதற்குப் பயப்படாது. இடித்துக் கட்டுவதால் வேலை தடைக்காலத்தைத் தாண்டிப் போகுமானால் போகட்டும். ஜூன் 14-க்குப் பிறகும் படகுகளைப் பழைய துறையிலேயே கட்டிக்கொள்கிறோம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

கடைசியாக, உங்கள் பதில் கடிதத்தில் உள்ள அந்த வரியைத் திரும்பப் பெற்று, விதியின் இரண்டு வாக்கியங்களையும் முழுதாகப் போட்டு எனக்கு வேறு கடிதம் அனுப்புங்கள். அடுத்த ஊரில் நாளை இன்னொரு ஒப்பந்தக்காரர் அதே தாளை நகலெடுத்து நீட்டுவார். சோதனைக்கு எந்த நாள் வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துளை போடுகிற இடத்தைக் காட்ட நான் வந்து நிற்கிறேன். தோள் உடைந்த அந்த அம்மாவையும் அன்றைக்குக் கூட்டிவர நினைத்திருக்கிறேன். அவரிடம் நான் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஊரில் உள்ள ஒரு பழைய மேஸ்திரி